காரை விட்டு ரயிலேறும் முன்: சிங்கப்பூரில் நாள் முழுதும் கார் நிறுத்துவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலை ஏழேகால் மணிக்குப் பிள்ளையைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்ட பிறகு, அதே காரை நகர மையத்திலுள்ள ஷென்டன் வே வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவதா, அல்லது வழியிலுள்ள ஏதாவது ஓர் எம்ஆர்டி நிலையத்தின் பக்கத்தில் நிறுத்திவிட்டு ரயிலேறுவதா என்பது பல வீடுகளில் அன்றாடம் எழும் கேள்வி. ஓட்டிக்கொண்டு போனால் விரைவுச்சாலை நெரிசல், இஆர்பி எனும் மின்னியல் சாலைக் கட்டணம், நகர மையத்தின் நிறுத்தக் கட்டணம் ஆகிய மூன்றும் காத்திருக்கின்றன. நிறுத்திவிட்டுப் போனால், பத்து மணி நேரம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் கார் நிற்கும். வாகன உரிமைச் சான்றிதழுக்கு மட்டுமே ஒரு லட்சம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் கொடுத்து வாங்கிய கார் என்றால், அந்தப் பத்து மணி நேரம் மனத்தை அரிக்கத்தான் செய்யும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருந்து, சீசன் பார்க்கிங் எனும் மாத நிறுத்தக் கட்டணத்தை ஏற்கெனவே கட்டி வருபவர், வழியில் யாரையும் எங்கும் இறக்கிவிட வேண்டியதில்லை என்றால், காரை வீட்டடியிலேயே விட்டுவிட்டு இணைப்புப் பேருந்தில் போவதே சிக்கனம். இந்த வழிகாட்டி அப்படிச் செய்ய இயலாதவர்களுக்கானது: பிள்ளையையோ வயதான பெற்றோரையோ காலையில் இறக்கிவிடுபவர்கள், எம்ஆர்டி எட்டாத தரைவீட்டு வட்டாரங்களில் வசிப்பவர்கள், வேலை முடிந்ததும் நேரே வேறோர் இடத்துக்குக் காரில் போகவேண்டியவர்கள்.

இதற்கென்று அரசாங்கத் திட்டம் ஏதும் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, இரண்டு முறை. 1975 ஜூன் மாதம் நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் விதிக்கப்பட்டபோது, அந்த எல்லைக்கு வெளியே கார் நிறுத்துமிடங்களை அமைத்து, அங்கிருந்து நகருக்குள் பேருந்துகளையும் விட்டார்கள். மக்கள் அதைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. பாதி வழி வரை காரில் வந்துவிட்டவர், அதைவிட்டு இறங்கிப் பேருந்தில் ஏற விரும்புவதில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு 1990இல் எம்ஆர்டி நிலையங்களை ஒட்டிய நிறுத்துமிடங்களை வைத்து, ‘பார்க் அண்ட் ரைட்’ என்ற பெயரில் மாதச் சீட்டுத் திட்டம் ஒன்று வந்தது. ஆதரவு குறைந்ததால் 2016 டிசம்பரில் நிலப் போக்குவரத்து ஆணையம் அதை முடித்துக்கொண்டது. ஆகவே இன்று இந்த ஏற்பாட்டை அவரவரே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் படி: கணக்கைப் போட்டுப் பாருங்கள்

மத்திய வட்டாரத்துக்கு வெளியே உள்ள வீவக நிறுத்துமிடங்களில் காருக்கான குறுகிய நேரக் கட்டணம் அரை மணிக்கு 60 காசு. பத்து மணி நேரம் நிறுத்தினால் 12 வெள்ளி. மாதத்துக்கு 22 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 264 வெள்ளி. இதற்கு மேல் ரயில் கட்டணம். மத்திய வட்டாரத்துக்குள் திங்கள் முதல் சனி வரை பகல் வேளையில் அந்த 60 காசு 1 வெள்ளி 20 காசாகிறது. அலுவலகக் கட்டடங்களின் தனியார் நிறுத்துமிடங்களில் இன்னும் கூடும். எனவே ஒரு பக்கம் நிறுத்தக் கட்டணமும் ரயில் கட்டணமும், மறுபக்கம் நகர மையத்தின் நிறுத்தக் கட்டணமும் இஆர்பியும் கூடுதல் பெட்ரோலும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டுமே அலுவலகம் போகிறவருக்கு இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதாக இராது. ஐந்து நாளும் போகிறவருக்கு அது கணிசமான தொகை.

வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் சீசன் பார்க்கிங் கிடைக்குமா என்று விசாரிப்பது நல்லது. வீவகவில் குடியிருப்பாளரின் முதல் காருக்கு மாதக் கட்டணம் திறந்தவெளியில் 80 வெள்ளியும் கூரையுள்ள இடத்தில் 110 வெள்ளியும் ஆகும். அந்தப் பேட்டையில் குடியிராதவருக்கு இதைவிடக் கூடுதலாகும். இடம் மீதமிருந்தால்தான் அதுவும் கிடைக்கும், ஏனெனில் குடியிருப்பாளர்களுக்கே முன்னுரிமை. அப்படியும் நாளுக்கு 12 வெள்ளி கொடுப்பதைவிட அது மலிவாக முடிவதுண்டு. ஒன்றை நினைவில் வையுங்கள்: சீசன் சீட்டு குறிப்பிட்ட நிறுத்துமிடத்துக்கோ நிறுத்துமிடக் குழுவுக்கோ உரியது, உட்லண்ட்ஸில் வாங்கியதைக் கொண்டு ஈசூனில் நிறுத்த முடியாது.

வார நாள்களில் காலை 7.45 மணிக்குள் ரயில் நிலையத்தில் அட்டையைத் தட்டி நுழைபவர்களுக்கு 50 காசு வரை கட்டணக் கழிவு உண்டு. பள்ளி வாசலிலிருந்து நேரே நிலையத்துக்கு வருபவர் சிறிது வேகமாக நடந்தால் அதைப் பெற்றுவிடலாம்.

இரண்டாம் படி: நிலையத்தை விட்டுச் சற்றுத் தள்ளிப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டி நிலையத்தை ஒட்டிய நிறுத்துமிடத்தைத் தேடாமல், அங்கிருந்து இரண்டு மூன்று பேருந்து நிறுத்தங்கள் தள்ளி, குடியிருப்புப் புளோக்குகளுக்கு நடுவே உள்ள நிறுத்துமிடத்தைத் தேடுங்கள்.

காரணம் எளிது. நிலையத்தை ஒட்டியிருப்பது பெரும்பாலும் கடைத்தொகுதியின் நிறுத்துமிடம். வந்து பொருள் வாங்கிவிட்டுக் கிளம்புகிறவர்களுக்காகவே அங்கே கட்டணம் வகுக்கப்பட்டிருக்கும். முதல் மணி நேரம் மலிவாகத் தெரியும், பத்தாவது மணி நேரத்தில் கண்ணைக் கட்டும். அதற்கு அடுத்தாற்போல் வருவது ஈரச்சந்தை, உணவங்காடி நிலையம், பலதுறை மருந்தகம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள இடங்கள். இவற்றில் காலை ஏழிலிருந்து பத்து வரை ஒரு லாட் (ஒரு கார் நிற்கும் இடம்) கிடைப்பதே அரிது. குடியிருப்பை மட்டும் நம்பியிருக்கும் நிறுத்துமிடமோ, இவற்றுக்கு நேர் எதிரான நேரத்தில் இயங்குகிறது. அங்குள்ளவர்கள் காலை ஏழு மணியிலிருந்து வேலைக்குக் கிளம்புகிறார்கள், எட்டரைக்கெல்லாம் பாதி லாட்டுகள் காலியாகிவிடும். அவர்கள் திரும்பிவரும் முன் நீங்கள் எடுத்துவிட்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

தள்ளி நிறுத்துவதால் ரயில் கட்டணம் ஏறிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. நமது கட்டண முறை தொலைவை அடிப்படையாகக் கொண்டது. ஒரு பயணத்துக்குள் ஐந்து முறை வரை மாறலாம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 45 நிமிட அவகாசம் உண்டு, மொத்தப் பயணமும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஆகவே இணைப்புப் பேருந்தில் மூன்று நிறுத்தம் வந்து ரயிலேறினாலும் அது ஒரே பயணமாகவே கணக்கிடப்படும். கூடுவது சில காசுகள்தான். மழையில்லாத நாளில் நடந்தே வந்துவிடலாம். கூரையிட்ட நடைபாதை உள்ள வழியாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் மழை நாளிலும் தொல்லையில்லை.

இடத்தை வரைபடத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்த நேரத்தில் நிறுத்தப் போகிறீர்களோ அதே நேரத்தில், ஒரு வேலை நாளில், நேரில் ஒரு முறை போய்ப் பாருங்கள். வீவக நிறுத்துமிடங்களில் எத்தனை லாட்டுகள் காலியாக உள்ளன என்ற தகவல் இணையத்திலும் பல செயலிகளிலும் உடனுக்குடன் கிடைக்கிறது. நான் வாரம் முழுவதும் காலை எட்டு மணிக்கு அந்த எண்ணைக் குறித்துவைத்துப் பார்த்த பிறகுதான் என் இடத்தை முடிவு செய்தேன். இரண்டாவதாக ஒரு மாற்று இடத்தையும் மனத்தில் வைத்திருங்கள், ஏனெனில் சாயம் பூசும் வேலை, கூரை பழுதுபார்ப்பு, சீனமாதம் ஏழில் வழிபாட்டுக்காக நிறுத்துமிடத்தின் ஒரு பகுதியில் கூடாரம் என்று ஏதாவது ஒரு காரணத்தால் உங்கள் வழக்கமான லாட் ஒரு நாள் இல்லாமல் போகும்.

மூன்றாம் படி: கோடுகளையும் பலகையையும் படியுங்கள்

வெள்ளைக் கோட்டு லாட் எல்லாருக்கும் பொது. சிவப்புக் கோட்டு லாட் சீசன் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு. எந்த நேரத்தில் யாருக்கு என்ற விவரம் நுழைவாயிலில் உள்ள பலகையில் இருக்கும்; அதை ஒரு முறை முழுமையாகப் படித்துவிடுங்கள். நாள் முழுதும் நிறுத்துபவர் நுழையும் நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது, எடுக்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். காலையில் நீங்கள் நிறுத்தியபோது முறையாக இருந்த லாட், மாலையில் சீசன்காரர்களுக்கு ஒதுக்கப்படும் நேரம் தொடங்கியதும் முறையற்றதாகிவிடலாம். ஒரு நாள் கூட்டம் நீண்டு இரவு எட்டரைக்குத் திரும்பி வந்தபோது என் கண்ணாடித் துடைப்பானில் ஒரு தாள் செருகப்பட்டிருந்தது. தவறு முழுக்க என்னுடையதே. அன்றிலிருந்து, நடப்பதற்கு இன்னும் இரண்டு நிமிடம் ஆனாலும், வெள்ளை லாட்டைத் தவிர வேறெதிலும் நிறுத்துவதில்லை.

மஞ்சள் கோட்டு லாட்டுகள் கனரக வாகனங்களுக்கு உரியவை. உடற்குறை உள்ளோருக்கான லாட்டில் உரிய வில்லை இல்லாமல் ஒரு நிமிடம்கூட நிறுத்தக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மின்னூட்டி பொருத்திய லாட்டில் மின்சாரக் கார் வைத்திருப்பவரும் நாள் முழுதும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. மின்னூட்டம் முடிந்த பின்னும் நிற்கும் காருக்குத் தனிக் கட்டணம் வாங்கும் நிறுவனங்களும் உண்டு.

சாலையோரத்தில் இலவசமாக நிறுத்தலாமே என்ற எண்ணம் பலருக்கு வரும். நிலையத்தை ஒட்டிய தரைவீட்டுத் தெருக்களில் காலை நேரத்தில் வரிசையாகக் கார்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சட்டப்படி பார்த்தால், ஒற்றை மஞ்சள் கோடு உள்ள இடத்தில் திங்கள் முதல் சனி வரை காலை 7 முதல் மாலை 7 வரை நிறுத்தக் கூடாது. இரட்டை மஞ்சள் கோட்டில் எந்நேரமும் கூடாது. சாலை நடுவே முறியாத வெள்ளைக் கோடு போட்டிருந்தால் இரு ஓரங்களிலும் நிறுத்தத் தடை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் ஓரத்தில் நிறுத்துகிறவர் நடுக்கோட்டைப் பார்ப்பதில்லை. இந்தக் கோடுகள் எதுவும் இல்லாத தெருவில் நிறுத்த உங்களுக்கு உரிமை இருக்கலாம். அந்த வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை வைத்து இடம் ‘சோப்’ பண்ணுவதற்கு, அதாவது பிடித்துவைப்பதற்கு, உரிமை இல்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் பத்து மணி நேரம் ஒருவரது வாசலை மறித்து நிறுத்திவிட்டு நிம்மதியாக வேலை பார்க்க முடியாது. 12 வெள்ளி மிச்சம் பிடித்து, மாலையில் ஒரு வாக்குவாதத்தை வாங்கிக்கொள்வது எனக்குக் கட்டுப்படியாகாது.

நண்பரின் கொண்டோமினியத்தில் வருகையாளர் லாட்டைப் பயன்படுத்தும் யோசனையும் வேண்டாம். நிர்வாகம் சக்கரத்தைப் பூட்டிவிட்டால் விடுவிக்கும் செலவு உங்களுடையது. கோயில் வளாகமும் அப்படித்தான். காலையில் சாமி கும்பிட்டுவிட்டுக் காரை அங்கேயே விட்டு வேலைக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பத்து மணிக்கு வரும் முதியவர் இடமின்றிச் சுற்றிச் சுற்றி வருவார்.

நான்காம் படி: கட்டணம் செலுத்தும் முறை

மின்னியல் தடுப்புள்ள வீவக நிறுத்துமிடத்தில் கணக்கு நிமிட அடிப்படையில் நடக்கும். காரின் கட்டண அட்டையில் போதிய தொகை இருக்கிறதா என்பதை மட்டும் காலையிலேயே பாருங்கள். மாலையில் தடுப்பின் முன்னால் தொகை பற்றாமல் நின்றால், பின்னால் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஐந்து கார்கள் நிற்கும்.

கூப்பன் முறையில் இயங்கும் இடங்களில் 2017 அக்டோபரில் வந்த பார்க்கிங் டாட் எஸ்ஜி செயலி பெரிய வரம். முன்பெல்லாம் நாள் முழுதும் நிறுத்த வேண்டுமென்றால் அத்தனை கூப்பன்களைக் கிழித்துக் கண்ணாடிக்குள் அடுக்கிவைக்க வேண்டும். கூட்டம் நீண்டால் ஓடிவர வேண்டும். இப்போது அலுவலக நாற்காலியிலிருந்தே நேரத்தை நீட்டலாம், முன்னதாக எடுத்தால் மீதித் தொகை திரும்பிவரும். நிறுத்துமிடத்தின் பெயரையும் காரின் எண்ணையும் சரிபார்த்த பிறகே உறுதி செய்யுங்கள். வீட்டில் இரண்டு கார் உள்ளவர்கள் தவறான எண்ணுக்குப் பணம் கட்டுவது அடிக்கடி நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறை நாளும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நற்செய்தி: இலவச நிறுத்தத் திட்டத்தில் சேர்ந்த வீவக இடங்களில் காலை 7 முதல் இரவு 10.30 வரை கட்டணமில்லை. எல்லா இடங்களும் அதில் இல்லை, பலகையைப் பார்க்கவும்.

ஐந்தாம் படி: வெயில், மரம், வெள்ளம்

சிங்கப்பூரில் பகலில் நிறுத்திய காருக்குத் திருடரால் வரும் ஆபத்தைவிட வானத்தால் வரும் ஆபத்தே அதிகம் என்பது என் அனுபவம். 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 பாகை செல்சியஸ் பதிவானது. வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் அதைவிட மிக அதிகமாகக் கொதிக்கும். மின்சேமிப்புப் பெட்டி, தீமூட்டி, வாசனைத் தெளிப்பான், இன்சுலின் போன்ற மருந்துகள் எதையும் உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள். பலமாடி நிறுத்துமிடத்தில் ஆக மேல்தளம் எப்போதும் காலியாக இருக்கும். அதற்குக் காரணமே கூரை இல்லாததுதான். ஒரு தளம் கீழே இறங்கிவிடுங்கள்.

அப்படியென்றால் திறந்தவெளியில் மரநிழலைத் தேடலாமா? நிழலுக்கு ஆசைப்பட்டுத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால், மாலையில் மைனாக்கள் கார் முழுக்க எச்சமிட்டிருக்கும். வெயிலில் காய்ந்த எச்சம் சாயத்தை அரிக்கும். அதைக் கழுவிவிடலாம். முறிந்து விழும் கிளையை என்ன செய்வது? ஏப்ரல் முதல் நவம்பர் வரை வீசக்கூடிய சுமத்ராப் புயற்காற்று, விடியலுக்கு முன்னிருந்து நண்பகல் வரையிலான நேரத்தில்தான் பெரும்பாலும் வரும். அதாவது நீங்கள் காரை விட்டுவிட்டு ரயிலில் உட்கார்ந்திருக்கும் நேரம். கூரையுள்ள இடம் கிடைக்கும்போது மரத்தடியைத் தேட வேண்டாம். உங்கள் காப்புறுதியில் மரம் விழுதல், வெள்ளம் போன்ற இயற்கைச் சேதங்களுக்கு இழப்பீடு உண்டா என்று ஒரு முறை எடுத்துப் படித்துவிடுவதும் நல்லது.

நிலத்தடி நிறுத்துமிடத்தில் வெயிலும் இல்லை, பறவையும் இல்லை. ஆனால் 2010 ஜூன் 16ஆம் தேதி பெய்த மழையில் ஆர்ச்சர்ட் ரோட்டில் கட்டடங்களின் கீழ்த்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்ததை மறக்க முடியாது. அதன் பிறகு வடிகால்களும் வெள்ளத் தடுப்புகளும் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன என்றாலும், டிசம்பர், ஜனவரி மாதங்களின் அடைமழை நாள்களில் நிலத்தடியைவிடப் பலமாடியின் இரண்டாம், மூன்றாம் தளமே எனக்குப் பிடித்தது. திடீர் வெள்ள எச்சரிக்கைகளைப் பொதுப் பயனீட்டுக் கழகம் டெலிகிராம் வழியாகவும் அனுப்புகிறது, அதில் சேர்ந்திருங்கள்.

ஆறாம் படி: விட்டுச் செல்லும் அந்த இரண்டு நிமிடம்

மடிக்கணினிப் பை, பிள்ளையின் ஐபேட், கோயில் உண்டியலுக்கு எடுத்துவைத்த சில்லறை உட்பட எதையும் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். பின்பெட்டியில் வைக்க வேண்டியதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே அதில் வைத்துவிடுங்கள்; நிறுத்திய இடத்தில் திறந்து வைத்தால் பார்ப்பவருக்கு அது தெரிந்துவிடும். பூட்டிய ஒலி கேட்டாலும் கைப்பிடியை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பக்கக் கண்ணாடிகளை மடக்குங்கள். தளத்தின் எண்ணையும் லாட்டின் எண்ணையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாத் தளமும் ஒன்றுபோலவே இருக்கும்.

மின்கலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் இந்த வகைப் பயன்பாட்டில் முதலில் உயிரைவிடுவது அதுதான். வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து நிறுத்துமிடம் என்று காலையில் பத்து நிமிடமும் மாலையில் பத்து நிமிடமும் மட்டும் ஓடும் காரில், மின்கலம் முழுதாக நிரம்புவதே இல்லை. அதோடு காரின் கேமராவை நிறுத்தக் கண்காணிப்பு முறையில் பத்து மணி நேரம் ஓடவிட்டால், உள்ளதும் வற்றிவிடும். கேமராவில் மின்னழுத்தம் குறைந்ததும் தானாக அணையும் ஏற்பாடு இருக்கும். அதன் அளவைச் சற்று உயர்த்தி வையுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது விரைவுச்சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். காரைப் பின்பக்கமாக நுழைத்து, முகப்பு வெளியே பார்க்கும்படி நிறுத்துங்கள். மின்கலம் முகப்பில் உள்ள கார்களில், ஒரு நாள் கிளம்ப மறுத்தால் அடுத்த காரின் கம்பி எட்டும். சுவரை முட்டிக்கொண்டு நின்ற காருக்கு உதவ வந்தவர் கம்பி எட்டாமல் கைபிசைந்ததை நான் நேரில் அனுபவித்திருக்கிறேன்.

ஏழாம் படி: திரும்பி வர முடியாத மாலைகள்

2024 செப்டம்பர் 25ஆம் தேதி கிழக்கு மேற்கு ரயில் பாதையில் ஏற்பட்ட கோளாறால் ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையிலான சேவை ஆறு நாள் தடைப்பட்டது. காரைப் பாதையின் ஒரு முனையில் விட்டுவிட்டு மறுமுனையில் மாட்டிக்கொள்வது என்றால் என்ன என்பதை அந்த வாரம் பலர் அறிந்துகொண்டார்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கும் நிலையமாகவோ, அலுவலகத்துக்கு நேரடிப் பேருந்தும் உள்ள இடமாகவோ பார்த்துக்கொள்ளுங்கள். பிஷான், உட்லண்ட்ஸ் போன்ற நிலையங்கள் அவ்வகையில் வசதியானவை.

இரவு வெகுநேரம் ஆகிவிட்டால் பதற்றம் வேண்டாம். வீவக நிறுத்துமிடங்களில் இரவு 10.30 முதல் காலை 7 வரையிலான கட்டணத்துக்கு 5 வெள்ளி என்ற உச்சவரம்பு உண்டு. நீங்கள் வெள்ளை லாட்டில் இருந்தால் காரை அங்கேயே விட்டுவிட்டு டாக்சியில் வீட்டுக்குப் போய் மறுநாள் காலையில் எடுத்துக்கொள்ளலாம். காலை 7 மணிக்குப் பகல் கட்டணம் மீண்டும் ஓடத் தொடங்கும் என்பதால், பிள்ளைக்கு மறுநாள் பள்ளி இருக்கிறதா என்பதையும் சேர்த்து யோசித்து, ஆறரைக்கு முன்பே ஒரு பேருந்தைப் பிடிக்க அலாரம் வைத்துவிட்டுப் படுங்கள்.